நூற்றைம்பது வாட் மாமா

மாமாவின் பெட்டி வெள்ளிக்கிழமை காலையிலேயே ஹாலுக்கு வந்து, செருப்பு அடுக்கும் பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது. பஸ் என்னவோ ஞாயிற்றுக்கிழமை மதியம்தான். ஆனால் தங்கையின் வீட்டுக்காரருக்கு எந்தக் காரியத்தையும் முன்கூட்டியே முடித்துவைத்தால்தான் தூக்கம் வரும். மச்சானை ஊரைவிட்டு அனுப்புவதும் அவருக்கு அப்படியொரு காரியம்.

மாமா என்றால் அந்த வீட்டு இரண்டு பெண்பிள்ளைகளுக்கு மாமா. பிற்பாடு அந்த அடுக்குமாடிக் கட்டடத்துக்கே மாமாவாகிவிட்டார் என்பதால் நாமும் அப்படியே கூப்பிடலாம், தப்பில்லை. நல்ல கனத்த உடம்பு. அதற்கேற்ற பசி. ஐஸ் ஃபேக்டரியில் பாதி ஆயுசைக் கழித்தவர். ஊரில் வீட்டுக்கு வீடு ஃபிரிட்ஜ் வந்த பிறகு ஃபேக்டரியை இழுத்து மூடினார்கள். மழைக்காலத்தில் ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று தங்கை வீட்டுக்கு வந்தார். மழை நின்றது, குளிர் வந்தது, மாமா மட்டும் போகவில்லை. வேலை தேடாமலும் இல்லை. நாலு இடத்தில் ஏறி இறங்கினார். போன இடத்திலெல்லாம் முதலில் அவரைப் பார்த்தார்கள், அப்புறம் நாற்காலியைப் பார்த்தார்கள், அப்புறம் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்.

தங்கையின் வீட்டுக்காரருக்கு மின்சார மீட்டர் படிக்கும் வேலை. ஊரில் உள்ள மீட்டர்களையெல்லாம் படித்துப் படித்து அவர் கண் அப்படியே பழகிவிட்டது. சாப்பாட்டு மேசையில் மாமாவின் தட்டின் மேலும் அதே கண்தான் நிற்கும். வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார். ரொட்டி ஒவ்வொன்றாகக் குறையும்போது புருவம் மட்டும் ஒவ்வொரு படியாக ஏறும். ஒரு நாள் சமையலறையில் மனைவியிடம், "உங்கண்ணனால இந்த வீட்டுக்கு என்ன பிரயோஜனம்? தண்டச்சோறு" என்றார். கதவுக்கு அந்தப் பக்கம் மாமா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். பாதி உரித்த கிழங்கைக் கீழே வைத்தார். அப்புறம் அதையே எடுத்து மீதியையும் உரித்தார்.

அடுத்த வாரமே மீட்டர்காரர் யார் யாரையோ பிடித்து, வேறொரு ஊரில் குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் காவலாளி வேலைக்கு ஏற்பாடு செய்துவிட்டார். வாசலிலேயே ஓர் அறை. அதில் ஒரு கட்டில், ஓர் அடுப்பு, ஒரு தட்டு. மாமா மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். தங்கையிடம் மட்டும், அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, மனதில் இருந்ததைச் சொன்னார்.

"வேலைக்கெல்லாம் பயமில்லம்மா. தனியா உட்கார்ந்து சாப்பிடணுமேன்னு நினைச்சாத்தான் பயமா இருக்கு."

தங்கை ஏற்கெனவே மடித்த துண்டைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் பாய்லர் படுத்தது. கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்த பழைய பாய்லர் அது. தண்ணீரைக் காய்ச்சிக் குழாய் வழியாக எல்லா வீட்டுக்கும் அனுப்பும். வீடுகளில் சுவரோரமாக இரும்புப் பட்டைகளாய் நிற்கும் ரேடியேட்டர்கள் அந்தச் சூட்டை வாங்கி அறைக்குள் விடும். அன்றைக்கு அது பெரிதாக ஒரு தரம் இருமியது, அப்புறம் மூச்சுவிடவில்லை. வந்து பார்த்த ரிப்பேர்காரர், உடைந்த பாகம் இங்கே கிடைக்காது, கப்பலில் வர வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். மின்சார ஹீட்டர் வைக்கலாமென்றால் அதற்கும் வழியில்லை. கட்டடத்தின் ஒயர்கள் பாய்லரைவிடக் கிழம். இரண்டு வீட்டில் ஹீட்டர் போட்டால் மொத்தக் கட்டடமும் இருண்டுவிடும். இதை மீட்டர்காரரே மாடிப்படியில் நின்று கறாராக அறிவித்தார். அவர் வீட்டு ஹாலிலும் பேசினால் வாயிலிருந்து புகை வந்தது.

மறுநாள் காலை குடியிருப்போர் சங்கம் கூடியது. சங்கம் என்றால் கீழ்த்தளத்து மாடிப்படியும் அதில் உட்கார்ந்தவர்களும்தான். ஆளாளுக்குப் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். செயலாளர், பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தி ஓய்வுபெற்றவர். சட்டைப் பையில் பேனா இருக்கிற இடத்தில் தெர்மாமீட்டர் வைத்திருப்பார். சும்மா இருக்கிற சங்கத்தைக் கூட்டித் தீர்மானம் போடுவதில் அவருக்குத் தனி ருசி. அன்றைக்கு ஒரு கரண்டி, ஓர் ஊசி, ஒரு நிலக்கடலை ஆகிய மூன்றையும் எடுத்து வந்திருந்தார்.

கடலையை ஊசியில் குத்தி, தீக்குச்சியால் கொளுத்தி, கரண்டியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அதன் மேல் பிடித்தார். கடலை கரும்புகையோடு நின்று எரிந்தது. அந்தப் புகைக்கு மேலே இருந்த தீ எச்சரிக்கை மணி அலற ஆரம்பித்தது. கூட்டத்தில் பாதிப் பேர் தெருவுக்கு ஓடிப்போய், அங்கே இன்னும் குளிரவே திரும்பி வந்தார்கள். கரண்டித் தண்ணீர் சூடாகியிருக்காது என்று வாதாடிய இரண்டாம் மாடிப் பல் டாக்டர், அதில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு விரலை வாயில் வைத்துக்கொண்டார். அத்துடன் அறிவியல் நிரூபணமாயிற்று.

"இந்தச் சூடு கடலைக்குள்ளதான் இருந்துச்சு" என்றார் செயலாளர். "நாம தின்னாலும் இதே சூடுதான். என்ன, வயித்துக்குள்ள புகை வராது, மெதுவா எரியும்."

அப்புறம் கணக்குக்கு வந்தார். சாதாரண மனிதன் ஒருவன் ஒரு நாளைக்குச் சாப்பிடுகிற கலோரியை நாள் முழுவதற்கும் பிரித்துப் போட்டால், அவன் சும்மா உட்கார்ந்திருந்தாலே ஒரு நூறு வாட் பல்பு எரிகிற மாதிரி. சாப்பிடுவதெல்லாம் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது. ஆகவே அதிகம் சாப்பிடுகிறவர் எவரோ, அவரே நல்ல கணப்பு. இதைச் சொல்லிவிட்டுச் செயலாளர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கூட்டத்தை ஒரு நோட்டம் விட்டார். கூட்டமும் தன்னைத்தானே நோட்டம் விட்டது. கடைசியில் எல்லார் கண்ணும் நாலாவது படியில் போய் நின்றது. அங்கே மாமா, தங்கை கொடுத்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தார்.

ஒரு நாளைக்கு என்னென்ன சாப்பிடுவீர்கள் என்று செயலாளர் மரியாதையாகக் கேட்டார். மாமா தங்கையின் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தார். பதில் சொன்னது மீட்டர்காரர்தான். காலையில் இத்தனை ரொட்டி, இத்தனை முட்டை, மதியம் இவ்வளவு சோறு, நடுவில் யாருக்கும் தெரியாது என்று நினைத்துத் தின்கிற பிஸ்கட் இவ்வளவு, இரவில் சூப் இத்தனை கிண்ணம் என்று ஒன்று விடாமல் ஒப்பித்தார். மாதக்கணக்கில் படித்த மீட்டர் அல்லவா. செயலாளர் கூட்டிப் பெருக்கி வகுத்துவிட்டு, "நூற்றைம்பது வாட்" என்றார். படிக்கட்டு முழுக்கக் கைதட்டல்.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. பாய்லர் சரியாகும்வரை எந்த வெப்ப மூலத்தையும் கட்டடத்தைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. மாமா தினம் ஒரு வீடாக, சாயங்காலம் முதல் சாப்பாடு முடியும்வரை, முறை வைத்து உட்கார வேண்டும். மீட்டர்காரர் எழுந்து பஸ், ஞாயிற்றுக்கிழமை, கிடங்கு என்று ஏதோ சொல்லப் பார்த்தார். நீங்கள் சங்கத்தின் உறுப்பினரா இல்லையா என்று நாலு பேர் ஒரே குரலில் கேட்டார்கள். பாய்லர் சரியானதும் ஆள் வருவார் என்று கிடங்குக்குத் தகவல் போனது, ஹாலில் இருந்த பெட்டி மறுபடி கட்டிலுக்கடியில் போனது.

மாமாவுக்கு இதெல்லாம் கேலியா நிஜமா என்று முதலில் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை, பஸ் ஏற வேண்டிய நேரத்தில், கீழ்வீட்டுத் தையல்காரம்மா வந்து கதவைத் தட்டி, "சாயங்காலம் மாமாவை அனுப்பறீங்களா, இன்னிக்கி எங்க முறை" என்று கேட்டபோதுதான் நம்பினார். சாயங்காலம் ஆனதும் முகம் கழுவி, தலை வாரிக்கொண்டு கிளம்பினார்.

சங்கம் என்று ஒன்று இருந்தால் தகராறும் இருக்கும். முதல் தகராறு எரிபொருளைப் பற்றியது. மூன்றாம் மாடிக்காரர்கள் மதியமே மாமாவைக் கூப்பிட்டு வயிறாரப் போட்டார்கள். சாயங்காலம் அவர் போய் உட்கார்ந்ததோ பல் டாக்டர் வீட்டில். எங்கள் வீட்டில் போட்ட விறகு இன்னொருத்தர் வீட்டில் எரிவதா என்று மூன்றாம் மாடி கொதித்தது. யார் வீட்டில் முறையோ அந்த வீட்டில்தான் சாப்பாடு என்று தீர்மானம் வந்தது. இறைச்சியும் முட்டையும் ஜீரணமாகும்போது உடம்பு கூடுதலாகச் சூடாகும் என்று செயலாளர் ஒரு வார்த்தை சொல்லிவைத்ததில் எல்லா வீட்டிலும் முட்டை அவிந்தது. பல் டாக்டர் வீட்டில் மாமா கை கழுவப் போனால்கூட, போகிற வழியில் கதவைச் சாத்திக்கொண்டு போங்கள் என்றார்கள். சூடு வெளியே போய்விடுமாம்.

இரண்டாவது தகராறு ஸ்வெட்டரைப் பற்றியது. அடுப்பின் மேல் யாராவது கம்பளி போர்த்துவார்களா என்று தையல்காரம்மா கேட்டாள். நியாயம்தானே. ஸ்வெட்டர் சூட்டை உள்ளேயே பிடித்துவைக்கிறது. அப்படியானால் வீட்டுக்காரர்களுக்குச் சேர வேண்டிய சூட்டை மாமா தனக்கென்று ஒதுக்கிக்கொள்கிறார். சங்கம் ஸ்வெட்டரை வாங்கிச் செயலாளரிடம் ஒப்படைத்தது. மறுநாள் மாமா மெல்லிய சட்டையோடு உட்கார்ந்து நடுங்கினார். நடுங்கினால் தசையெல்லாம் வேலைசெய்யும், அதனால் இன்னும் சூடு வரும் என்று செயலாளர் மகிழ்ந்துபோனார்.

அதைப் பார்க்கத் தங்கைக்குப் பொறுக்கவில்லை. தன் சால்வையை எடுத்து அண்ணனின் தோளில் போர்த்தினாள். உற்பத்தி தடைபடுகிறதே என்று செயலாளர் தெர்மாமீட்டரை நீட்டினார்.

"இது எங்கண்ணன் சார். அடுப்பு இல்ல" என்றாள்.

நீட்டிய தெர்மாமீட்டர் பைக்குள் போனது. மாமாதான் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"விடும்மா. நான் வரேன்னு இத்தனை பேர் கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு நின்னு எத்தனை வருஷமாச்சு தெரியுமா? குளிரெல்லாம் எனக்குப் பெரிசில்ல."

சங்கத்துக்கே வெட்கமாகப் போயிற்று. சால்வை போர்த்தலாம், ஆனால் நெஞ்சுப் பக்கம் திறந்திருக்க வேண்டும் என்று சமரசமானது.

குளிர் அவருக்குப் பெரிதில்லை என்பது உண்மைதான். ஐஸ் ஃபேக்டரிக் கதைகள் அவரிடம் மூட்டை மூட்டையாக இருந்தன. சாப்பிட்டு முடித்து வயிற்றைத் தடவிக்கொண்டு ஒன்றை அவிழ்ப்பார். ஐஸை யாரும் செய்வதில்லை, தண்ணீருக்குள் இருக்கிற சூட்டை உருவி வெளியே தள்ளுகிறோம், மிச்சம் நிற்பதுதான் ஐஸ் என்பார். அப்படித் தள்ளிய சூடெல்லாம் ஃபேக்டரியின் பின்பக்கச் சுவர் வழியாகப் போகும். முன்னால் ஆட்கள் விறைத்துக்கொண்டு நிற்பார்கள், பின்னால் ஊர்ப் பூனைகளெல்லாம் மல்லாந்து தூங்கும். முதலாளிக்கு மூட்டுவலி வந்தபோது பூனைகளை விரட்டிவிட்டு அவரும் அங்கேயே நாற்காலி போட்டுக்கொண்ட கதையைத் தையல்காரம்மா மூன்று முறை கேட்டுவாங்கினாள். சிரித்துச் சிரித்து அவள் ஊசியைத் தொலைக்க, எல்லாரும் முழங்காலிட்டுத் தேடினார்கள்.

மாமா போகிற வீட்டுக்கெல்லாம் தங்கையும் இரண்டு பெண்களும் பின்னாலேயே போய்விடுவார்கள். மீட்டர்காரர் போக மாட்டார். அடுத்தவர் வீட்டில் போய்க் குளிர் காய்கிற அளவுக்கு நான் தாழ்ந்துவிடவில்லை என்று வீறாப்பாக இருந்தார். காலியான வீட்டில், போர்வைக்குள், ஒரு முட்டையை வைத்துக்கொண்டு தனியாகச் சாப்பிட்டார். எதிரில் படிப்பதற்குத் தட்டு எதுவும் இல்லை. கீழே இருந்து வரும் சிரிப்புச் சத்தம் சுவர் வழியாகக் கேட்டது. அதற்குக் கலோரி ஏதும் கிடையாது, கேட்கக் கேட்கக் குளிர் கூடத்தான் செய்தது.

அடுத்த கூட்டத்தில் அவரே எழுந்தார். எங்கள் வீட்டு மச்சானுக்கு எங்கள் வீட்டிலேயே முறை கிடையாதா, இது எந்த ஊர் நியாயம் என்று கேட்டார். சங்கம் யோசித்து வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கியது. அந்த நாள் மட்டும் மீட்டர்காரர் வழக்கத்தைவிடச் சீக்கிரமாக வீட்டுக்கு வந்துவிட்டார். மேசையில் உட்கார்ந்து வழக்கம்போல மாமாவின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் தட்டில் இருந்த முட்டையை எடுத்து அந்தத் தட்டில் வைத்தார்.

"எரிபொருள்" என்றார், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

இதற்கிடையில் செயலாளருக்கு ஒரு சிக்கல் வந்து தூக்கத்தைக் கெடுத்தது. மாமா வருவதற்கு முன்னும், வந்த பின்னும் ஒவ்வொரு வீட்டிலும் அவர் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து வந்தார். அறை சூடாகிறது, சரி. ஆனால் நூற்றைம்பது வாட்டுக்கு ஏற வேண்டியதைப் போல மூன்று நாலு மடங்கு ஏறுகிறது. எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் கணக்கு உதைத்தது. இத்தனை சூடு எங்கிருந்து வருகிறது? மாமா சட்டைக்குள் எதையோ ஒளித்துவைத்திருக்கிறார் என்று அவருக்குச் சந்தேகம் தட்டியது. ஒரு நாள் பல் டாக்டரையும் கூட்டிக்கொண்டு வந்து சோதனை போட்டார். மாமா கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். பையில் பாதி ரொட்டித்துண்டு ஒன்று கிடைத்தது. பல் டாக்டர் பழக்கதோஷத்தில் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கடைவாய்ப் பல்லில் ஓட்டை இருக்கிறது, ஹீட்டர் இல்லை என்றார்.

வேறு வழியில்லாமல் செயலாளர் ஒரு சாயங்காலம் பல் டாக்டர் வீட்டு ஹாலில் மூலையில் நாற்காலி போட்டு, கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்தார். மாமா வருவதற்கு முன்னால் டாக்டர் தன் அறையில் இருந்தார். அவர் மனைவி சமையலறையில். மகன் வேறோர் அறையில் போனோடு. டாக்டரின் அம்மா உள்ளறைக் கட்டிலில். ஹால் ஆளில்லாமல் ஐஸாகக் கிடந்தது. மாமா வந்து சோஃபாவில் உட்கார்ந்து, தான் தவறிப்போய் ஐஸ் அறைக்குள் பூட்டிக்கொண்ட கதையை எடுத்தார். முதலில் மகன் வந்தான். அவனைத் திட்ட வந்த அம்மா அப்படியே உட்கார்ந்தாள். டாக்டரும் கிழவியும் எப்போது வந்தார்கள் என்று தெரியவில்லை. தங்கையும் இரண்டு பெண்களும் ஏற்கெனவே தரையில். யாரோ கதவைச் சாத்தினார்கள். தெர்மாமீட்டர் ஏறத் தொடங்கியது. செயலாளர் அதைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், ஆட்களை ஒவ்வொருவராக விரலால் எண்ணினார். கடைசியில் விரல் அவர் நெஞ்சிலேயே வந்து நின்றது. அவரும் நாற்காலியை இழுத்துக்கொண்டு எப்போதோ நடுவில் வந்திருந்தார்.

மறுநாள் சங்கத்தில், சரியான விடை கிடைத்த மாணவனைப் போலவும் தப்பு செய்த வாத்தியாரைப் போலவும் ஒரே நேரத்தில் நின்றார்.

"மாமாவை மட்டும் கணக்குல எடுத்துட்டேன். நம்மளை நான் கூட்டவே இல்ல" என்றார்.

ஆளுக்கு நூறு வாட். வீட்டில் ஐந்து பேர் ஐந்து அறையில் இருந்தால் ஐந்து அறையும் குளிரும். ஐவரும் ஓர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு ஹீட்டருக்குச் சமம். அறிவியலின்படி மாமா தேவையே இல்லை. இதைக் கேட்டதும் மாமாவுக்குக் கட்டிலுக்கடியில் இருந்த பெட்டிதான் உடனே நினைவுக்கு வந்தது.

அன்று மாலை எல்லா வீட்டிலும் தீர்மானப்படி குடும்பத்தோடு ஹாலில் உட்கார்ந்து பார்த்தார்கள். பல் டாக்டர் வீட்டில் ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டது யார் என்று ஆரம்பித்தது. அங்கிருந்து மகனின் மதிப்பெண்ணுக்குப் போய், கல்யாணத்தன்று யார் யாரை மதிக்கவில்லை என்பதில் முடிந்தது. சண்டை நடக்கிறவரை வெப்பம் அருமையாக ஏறியது என்று செயலாளர் சொன்னார். அப்புறம் கதவைப் படார் படார் என்று அறைந்துவிட்டு ஆளுக்கொரு அறைக்குப் போனார்கள், இருந்த சூடும் போய்விட்டது. மூன்றாம் மாடியில் அவ்வளவு நேரம்கூடத் தாங்கவில்லை. தையல்காரம்மா வீட்டில் சேர்ந்து உட்கார ஆளே இல்லை. அவள்தான் முதலில் வந்து கதவைத் தட்டினாள். கணக்கு கிடக்கட்டும், மாமாவை அனுப்புங்கள் என்றாள். மாமா செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினார்.

ஆனால் கப்பல் என்று ஒன்று புறப்பட்டால் என்றைக்காவது வந்து சேரத்தானே வேண்டும். பாய்லரின் பாகம் வந்தது. ரிப்பேர்காரரும் வந்தார். ஒரு வியாழக்கிழமை குழாய்களுக்குள் கடகடவென்று தண்ணீர் ஓடியது. ரேடியேட்டர்கள் முனகிக்கொண்டே சூடாயின. ஆளுக்கொரு அறையில், ஆளுக்கொரு சூடு. அன்று சாயங்காலம் பல் டாக்டர் வீட்டு முறை. மாமா முகம் கழுவி, தலை வாரி, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். யாரும் வந்து கதவைத் தட்டவில்லை. ரொம்ப நேரம் கழித்து மணி அடித்தது. செயலாளர் ஸ்வெட்டரை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சங்கத்தின் நன்றியைத் தெரிவித்துவிட்டு, தன் வீட்டு ரேடியேட்டரில் தண்ணீர் ஒழுகுகிறது என்று அவசரமாக இறங்கிப்போனார்.

கறிவேப்பிலை மாதிரித் தூக்கிப் போட்டுவிட்டார்களே என்று தங்கை பொருமினாள். யாரையும் குறை சொல்லாதே, எல்லாருக்கும் வேலை இருக்கும் என்றார் மாமா. இரவுச் சாப்பாட்டில் ஒரு ரொட்டியோடு எழுந்துவிட்டார். மீட்டர்காரர் அந்தத் தட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தையல்காரம்மா மட்டும் மறுநாள் வந்து, கிடங்கு வேலைக்குப் போட்டுக்கொள்ளுங்கள் என்று தடித்த துணியில் ஒரு சட்டை தைத்துக் கொடுத்துவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா தானே பெட்டியைத் தூக்கிவந்து செருப்புப் பலகைக்குப் பக்கத்தில் வைத்தார். யாரும் சொல்லவில்லை. அவர் முகம் தெளிவாக இருக்க வேண்டும் என்று ரொம்பப் பாடுபட்டது. இரண்டு பெண்களும் பெட்டியின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். தங்கை வழிக்கு முட்டை அவித்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டதற்கு வெங்காயத்தைக் காரணம் சொன்னாள். வெங்காயம் எதுவும் நறுக்கவில்லை.

அப்போது உள்ளறையிலிருந்து மீட்டர்காரர் வந்தார். ஸ்வெட்டர், அதன் மேல் கோட்டு, கழுத்தில் மஃப்ளர், தலையில் குல்லா. ஹாலில் நின்று கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

"என்ன மச்சான், ஹால்ல இப்படிக் குளிருது?"

பாய்லர் ஓடுகிறதே என்றார் மாமா. ஓடும் ஓடும், ஆனால் இங்கே வரவில்லையே, வேண்டுமானால் தொட்டுப் பாருங்கள் என்றார் மீட்டர்காரர். மாமா போய் ரேடியேட்டரின் மேல் கையை வைத்தார். இரும்பு சில்லென்று இருந்தது. பக்கத்தில் தரையிலிருந்து ஏறிவரும் குழாயைத் தொட்டார். சட்டென்று கையை இழுத்துக்கொள்ள வேண்டியிருந்தது, அவ்வளவு கொதிப்பு. இரண்டுக்கும் நடுவில், வெந்நீரைத் திறக்கவும் அடைக்கவும் இருந்த திருகின் மேல் பளபளவென்று புதுக் கீறல் விழுந்திருந்தது. நிமிர்ந்தார். மீட்டர்காரரின் கோட்டுப் பையிலிருந்து ஸ்பேனரின் தலை எட்டிப் பார்த்தது.

"திருகு இறுகிப்போச்சு" என்றார் மீட்டர்காரர், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. "நானும் பார்த்துட்டேன், திறக்க வரல. ரிப்பேர்காரர் இனி அடுத்த வருஷம்தான் வருவாராம். குழந்தைகள் இருக்கற வீடு. அதுவரைக்கும் ஏதாவது வழி பண்ணணும்ல?"

சமையலறையில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் நின்றது. தங்கை அடுப்பை அணைத்துவிட்டுக் கதவோரம் வந்து நின்றாள்.

மாமா மெல்ல ரேடியேட்டருக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். ஐஸ் ஃபேக்டரியில் ஆள் உயரத் திருகுகளோடு மல்லுக்கட்டிய கை அது. இந்தச் சின்னத் திருகை இரண்டு விரலால் திறந்துவிடும். அதன் மேல் கையை வைத்தார்.

பிறகு, பல்லைக் கடித்துக்கொண்டு, அதை இன்னும் அரைச் சுற்று இறுக்கினார்.

"ஆமா மாப்பிள்ள" என்றார். "திறக்க வராது."